பழைய கார் 'டோட்டல் லாஸ்' ஆகிவிட்டதா? கையெழுத்துப் போடுவதற்கு முன்

2022 ஆகஸ்ட்டில் திண்டிவனம் தாண்டி, முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட்டதில் அப்பாவின் வேகன் ஆர் அதன் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. அப்பாவுக்கு மணிக்கட்டில் சுளுக்கோடு போயிற்று. வண்டிக்கு முன்பக்கமே இல்லை. 2013-ல் வாங்கிய வண்டி, ஒன்பது வயது.

பத்தாம் நாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன். "சார், உங்க வண்டி டோட்டல் லாஸ்ல போகுது. ஒண்ணு முப்பது தர்றோம், வண்டியையும் நாங்களே எடுத்துக்கறோம். உங்களுக்கு அலைச்சலே இல்லை. கன்சென்ட் லெட்டர் வாட்ஸ்அப்ல அனுப்புறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க சார்."

டோட்டல் லாஸ் என்றால், ரிப்பேர் செய்வது கட்டுபடியாகாது என்று நிறுவனம் முடிவு செய்துவிட்ட வண்டி. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட அப்பா பேனாவை எடுத்துவிட்டார். பழைய வண்டிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் வருகிறதே என்ற நிம்மதி அவருக்கு. நான் பாலிசியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஐடிவி (காப்பீட்டுக்காக ஒத்துக்கொண்ட வண்டி மதிப்பு) என்ற கட்டத்தில் ரூ.1,75,000 என்று அச்சிட்டிருந்தது. அடுத்த மூன்று வாரம் நாங்கள் செய்ததையும், அதன் பிறகு தெரிந்தவர்கள் சிலருக்குக் கூடவே நின்று செய்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். இந்திய விதிகளுக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

முதலில் பாலிசியைக் கையில் எடுங்கள்

ஆஃபர் நியாயமானதா என்று யோசிப்பதற்கு முன் பாலிசியில் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, அதில் ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி இருக்கிறதா. பழைய வண்டிதானே என்று பலர் தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கானது) மட்டும் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு உங்கள் நிறுவனம் எதுவும் தராது. தவறு எதிர்வண்டியின் மேல் என்றால் அந்த வண்டியின் தேர்டு பார்ட்டி காப்பீட்டில், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழியாகக் கேட்கலாம். அது வேறு பாதை, வக்கீலைப் பாருங்கள்.

இரண்டு, பாலிசி யார் பெயரில் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் ஆர்சியை மாற்றிவிட்டு, இன்சூரன்ஸைப் பழைய உரிமையாளர் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். தேர்டு பார்ட்டி பகுதி வண்டியோடு போகும், ஓன் டேமேஜ் பகுதி தானாகப் போகாது. வாங்கிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை என்றால் கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும். இதைப் படிக்கும்போது வண்டி நல்லபடியாக வாசலில் நிற்கிறது என்றால், தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

மூன்றாவதுதான் ஐடிவி. நீங்கள் அறிவித்து, நிறுவனம் ஒத்துக்கொண்டு, அதன் மேல் பிரீமியம் வாங்கிய மதிப்பு. புது வண்டிக்கு இதற்கு அட்டவணை உண்டு. ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, அப்புறம் 30, 40 என்று போய் ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அட்டவணை கிடையாது. நீங்களும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொண்ட தொகைதான் ஐடிவி.

இங்கே ஒரு வரியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2002-ன் இந்திய மோட்டார் டாரிஃப் தந்த, இன்றும் பாலிசிகளில் அப்படியே இருக்கும் வாசகம் சொல்வது இது: டோட்டல் லாஸ் கிளெய்முக்கு, பாலிசிக் காலம் முழுவதும் ஐடிவியையே சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், அதில் மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. அதாவது, "இந்த மாடல் இப்ப மார்க்கெட்ல ஒண்ணு முப்பதுக்கு மேல போகாது சார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சந்தை விலை பேச வேண்டிய நேரம் பாலிசியைப் புதுப்பித்த நாள். அன்றைக்கு ஒரு மதிப்பை ஏற்றுப் பிரீமியம் வாங்கிவிட்டு, இழப்பு வந்ததும் அது அதிகம் என்று நிறுவனம் சொல்லக் கூடாது என்பதே 2008-ல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆன்லைனில் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று நீங்களே ஐடிவியைக் கீழே இறக்கியிருந்தால், இப்போது அந்தக் குறைந்த தொகைதான். சந்தையில் அதிகம் போகும் என்று நாமும் வாதாட முடியாது.

விபத்து நடந்த நாளும் அடுத்த இரண்டு நாளும்

இதில் பெரிய சூட்சுமம் இல்லை. உடனே நிறுவனத்துக்குச் சொல்லிக் கிளெய்ம் எண் வாங்குங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள், ஓடோமீட்டரையும் சேஸிஸ் எண்ணையும் சேர்த்து. யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீஸில் எஃப்ஐஆர். இழுவை வண்டியின் பில்லைப் பத்திரமாக வையுங்கள், தனியார் காருக்கு ரூ.1,500 வரை பாலிசியிலேயே கிடைக்கும். மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் திருப்பாதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனது என்று எழுதிவிட்டால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு (ஆட்-ஆன்) இல்லாதவர்களுக்கு அந்தப் பணம் போச்சு.

நிறுவனம் அனுப்பும் சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் பார்க்கும்வரை யாரும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. ஒர்க்ஷாப்பில் முன்கூட்டியே இரண்டு கேள்வி கேட்டுப் பதிலை எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட் போடவும் பிரித்துப் பார்க்கவும் எவ்வளவு? வண்டியை ரிப்பேர் செய்யாமல் எடுத்துப் போனால் நாளுக்கு எவ்வளவு பார்க்கிங்? டோட்டல் லாஸ் ஆகும் வண்டிக்கு இந்த இரண்டு பில்லும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். எங்களுக்கு 27 நாள் பார்க்கிங் போட்டார்கள். எழுதி வாங்காததால் வாதாட எதுவும் இருக்கவில்லை.

புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததே என்று பயப்பட வேண்டாம். அதை மட்டும் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஓட்டியவரின் லைசென்ஸும், 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்சி புதுப்பித்ததும்தான் முக்கியம்.

75 சதவீதக் கணக்கு

வண்டியை மீட்டு ரிப்பேர் செய்ய ஆகும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ். ஒர்க்ஷாப் தரும் எஸ்டிமேட்டை அப்படியே எடுத்து இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள். பாலிசி விதிப்படி தேய்மானம் கழித்த பிறகு வரும் தொகையைத்தான் சர்வேயர் எடுப்பார். பழைய வண்டிக்கு இந்தக் கழிவு கனமானது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பத்து வருடம் வரை 40, பத்து தாண்டினால் 50. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதி கழிப்பார்கள். லேபருக்குக் கழிவு கிடையாது. தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் ஆட்-ஆன் இத்தனை வயது வண்டிக்கு அனேகமாக இருக்காது.

அப்பாவின் வண்டிக்கு எஸ்டிமேட் ரூ.2,20,000. தொகைகளை ரவுண்டாக்கிச் சொல்கிறேன். இரும்புப் பாகம் 90,000, கழிவு போக 54,000. பிளாஸ்டிக், ரப்பர் 60,000, கழிவு போக 30,000. கண்ணாடி 8,000. லேபர் 38,000. பெயின்ட் 24,000, கழிவு போக 21,000. கூட்டினால் ரூ.1,51,000. ஐடிவி 1,75,000-ல் 75 சதவீதம் 1,31,250. தாண்டிவிட்டது, ஆகவே டோட்டல் லாஸ்தான்.

இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை பேப்பரில் போட்டுப் பாருங்கள். எல்லைக்குக் கொஞ்சம் கீழே வந்தால் நிறுவனம் ரிப்பேர் செய்துகொள்ளச் சொல்லும். தேய்மானத் தொகை முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். எங்கள் வண்டியை ரிப்பேர் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கம்பல்சரி டிடக்டபிள் 1,000-ஐயும் சேர்த்து அப்பா 70,000 ரூபாய் போட வேண்டியிருந்திருக்கும். எஸ்டிமேட்டில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று சர்வேயர் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் இங்கே பலன். அறிக்கையின் நகல் கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்காதவர்களுக்கு அதைத் தானாக அனுப்புவதை நான் பார்த்ததில்லை.

காலக்கெடுவையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024-ல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும்.

ஆஃபர் வந்ததும் கேட்க வேண்டியது

போனில் வரும் ஆஃபருக்குப் போனில் பதில் சொல்லாதீர்கள். "சரி சார், மெயில்ல அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்." இவ்வளவு போதும். மரியாதையாக, ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். தொகை எழுதாத கன்சென்ட் லெட்டரில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மெயிலில் ஆஃபர் வந்ததும், அது எந்த வகை என்று பாருங்கள். பாலிசியின் வாசகப்படி டோட்டல் லாஸில் நிறுவனத்தின் பொறுப்பு, ஐடிவியிலிருந்து சேதமான வண்டியின் மதிப்பைக் கழித்த தொகை. இந்தச் சேத மதிப்பைத்தான் எல்லோரும் சால்வேஜ் என்கிறார்கள். நடைமுறையில் இரண்டு விதமாக வரும். ஒன்றில், நிறுவனமே வண்டியை எடுத்துக்கொண்டு, டிடக்டபிளை மட்டும் கழித்து முழு ஐடிவியைத் தரும். இன்னொன்று நெட் ஆஃப் சால்வேஜ். நிறுவனம் சால்வேஜ் விலையைக் கழித்துவிட்டு மீதியைத் தரும், சால்வேஜ் பணத்தை, சேதமான வண்டியை ஏலம் கேட்டவரிடம் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வந்த ஆஃபர் இரண்டிலும் சேரவில்லை. வண்டியையும் எடுத்துக்கொண்டு 1,30,000 மட்டும். அப்படியென்றால் 44,000 ரூபாய் எங்கே போயிற்று? அதைத்தான் கேட்டோம். அப்பா பெயரில் நான் எழுதிய மெயில் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஐயா, என் பாலிசியில் ஐடிவி ரூ.1,75,000. டோட்டல் லாஸ் கிளெய்முக்கு ஐடிவியையே சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்று பாலிசி சொல்கிறது. நீங்கள் தர முன்வந்த ரூ.1,30,000 எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். சர்வேயர் அறிக்கையின் நகல், சால்வேஜுக்கு வந்த எல்லா ஏலத் தொகைகள், ஏலம் கேட்டவர் விவரம், ஏலத்தின் செல்லுபடி நாள் ஆகியவற்றை அனுப்பவும். அதுவரை இந்த ஆஃபரை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை."

கோபம் வேண்டாம், சட்டப்பிரிவு எண்களை அள்ளித் தெளிக்கவும் வேண்டாம். பாலிசி எண், கிளெய்ம் எண், மேலே சொன்ன கேள்விகள். நான்காம் நாள் புது ஆஃபர் வந்தது, நெட் ஆஃப் சால்வேஜ் முறையில், 1,75,000-ஐ அடிப்படையாக வைத்து. அந்த மெயிலைப் படித்துக் காட்டியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப அன்னைக்கு நான் போட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

சால்வேஜில்தான் உண்மையான பேரம்

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். பணம் இங்கேதான் நழுவும்.

உங்களுக்கு மொத்தமாக வர வேண்டியது ஐடிவியில் டிடக்டபிள் போக மீதி. 1,500 சிசி வரை உள்ள தனியார் காருக்குக் கம்பல்சரி டிடக்டபிள் ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. நீங்களாக வாலன்டரி டிடக்டபிள் எடுத்திருந்தால் அதுவும் கழியும். ஆக எங்களுக்கு 1,74,000. சால்வேஜ் விலை, இந்தத் தொகையில் எவ்வளவு நிறுவனத்திடமிருந்து, எவ்வளவு ஏலக்காரரிடமிருந்து என்று பிரிக்கிறது. சால்வேஜ் 80,000 என்றால் நிறுவனம் 94,000, ஏலக்காரர் 80,000. சால்வேஜ் 62,000 என்றால் நிறுவனம் 1,12,000, ஏலக்காரர் 62,000. இரண்டிலும் கூட்டுத்தொகை ஒன்றே.

ஏலக்காரர் சொன்ன விலையைத் தந்தால் மட்டுமே அது ஒன்று. வண்டியை நேரில் பார்த்துவிட்டு, "இன்ஜின் ஹெட் அடிபட்டிருக்கு அண்ணே, அறுபதுதான் கட்டுபடியாகும்" என்றால் 20,000 உங்களுக்கு நஷ்டம். நிறுவனம் தன் பங்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். ஏலக்காரர் வண்டியை நேரில் பார்த்து, அதே விலைக்கு எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கன்சென்ட் லெட்டரில் கையெழுத்து. அவர் பின்வாங்கினால் அதே நாளில் நிறுவனத்துக்கு மெயில்: நீங்கள் சொன்ன விலைக்கு ஆள் இல்லை, வேறு ஆளைக் காட்டுங்கள் அல்லது கிடைக்கும் விலையை வைத்துக் கணக்கைத் திருத்துங்கள். ஏல விலைக்குச் செல்லுபடி நாள் உண்டு. நிறுவனம் இழுத்தடித்ததால் நாள் முடிந்துபோனால் அதையும் மெயிலில் குறித்துவையுங்கள்.

அடுத்து, ஆர்சியோடு ஒரு விலை, ஆர்சி இல்லாமல் ஒரு விலை என்று சால்வேஜுக்கு இரண்டு விலை உண்டு. அப்பாவின் வண்டிக்கு ஆர்சியோடு 80,000, இல்லாமல் 62,000. உடைந்த வண்டியின் காகிதத்துக்கு ஏன் 18,000 கூடுதல்? நேர்மையான காரணமும் உண்டு, ரிப்பேர் செய்து திரும்ப ஓட்ட நினைப்பவருக்கு ஆர்சி வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. அதே மாடல், அதே நிறத்தில் ஒரு திருட்டு வண்டியைக் கொண்டுவந்து, உங்கள் சேஸிஸ் எண்ணை அதில் அடித்து, உங்கள் ஆர்சியோடு ஓட விடுவார்கள். அந்த வண்டி ஏதாவது செய்தால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

ஆர்சி ரத்துக்குப் போகப் போகிறீர்கள் என்றால், கழிக்கும் சால்வேஜ் விலையும் ஆர்சி இல்லாத விலையாக இருக்க வேண்டும். ஆர்சியோடு வந்த உயர்ந்த விலையைக் கழித்துவிட்டு ஆர்சியை ரத்து செய்து கொண்டுவரச் சொல்வது கணக்குக்கே பொருந்தாது. நாங்கள் ஆர்சி இல்லாத வழியைத்தான் எடுத்தோம். வயதானவர்கள் பெயரில் இருக்கும் வண்டிக்கு வேறு வழி யோசிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

வண்டியை நாமே வைத்துக்கொண்டால்?

சிலருக்கு இது சரியாக வரும். நிறுவனம் தரும் 1,12,000-ஐ வாங்கிக்கொண்டு, வண்டியையும் வைத்துக்கொண்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் வாங்கிக் கொடுத்து ரிப்பேர் செய்வது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் 1,05,000-க்குள் முடித்துத் தருகிறேன் என்றார். கம்பெனி ஒர்க்ஷாப் சொன்னதில் பாதிக்கும் குறைவு. வண்டியை வைத்துக்கொள்பவருக்குச் சால்வேஜ் விலை குறைவாக இருப்பதே லாபம் என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் ஒர்க்ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்துக் காட்டியபோது, முன்பக்கச் சட்டம் வலதுபுறமாக ஒரு விரல் அகலம் விலகி, வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் நூல் நூலாக வெடித்திருந்தது. அதைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. கதவும் பானெட்டும் பம்பரும் மாற்றலாம். வண்டியின் எலும்பே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். அதில்தான் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து போக வேண்டும்.

வைத்துக்கொள்வதாக இருந்தால், ஆர்சியை ரத்து செய்ய நிறுவனம் நிபந்தனை போடுகிறதா என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அப்படிப் போட்டால் அந்த வண்டி இனி ரோட்டில் ஓடாது. டோட்டல் லாஸ் கொடுத்த பாலிசி அதோடு முடிந்துவிடும் என்பதால் புதுப் பாலிசி எடுக்க இன்ஸ்பெக்‌ஷனும் இருக்கும்.

சம்மதிக்க மறுத்தால், இழுத்தடித்தால்

முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதிவு செய்யலாம், 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, வக்கீலுக்கு அனுமதியும் இல்லை. நீங்களே பேசலாம். ரூ.50 லட்சம் வரை கேட்கலாம் என்பதால் பழைய கார் விவகாரம் எல்லாம் இதற்குள் அடங்கும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் உண்டு, ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். இந்த அளவுத் தொகைக்கு நான் ஆம்புட்ஸ்மேனைத்தான் முதலில் சொல்வேன்.

பணம் அவசரம், சண்டையும் விட மனமில்லை என்ற நிலை பலருக்கு வரும். தொகையை ஏற்றுக்கொண்டதாக எழுதித் தரும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் போனால், அன்றைக்கு ஏன் பேசவில்லை என்ற கேள்வி வரும். கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால், பணம் வந்த அன்றே அதை மெயிலில் சொல்லிவிடுங்கள்.

பணம் வரும் நேரத்தில்

கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். பழைய வண்டிகளில் கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (வங்கியின் அடமானக் குறிப்பு) அப்படியே நிற்கும். வங்கியிடம் தடையில்லாச் சான்றிதழும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கவே இரண்டு மூன்று வாரம் போய்விடும் என்பதால் முதல் நாளிலேயே பாருங்கள். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யமாகும், அதற்காக டோட்டல் லாஸ் கிளெய்மை விடுவதில் அர்த்தமில்லை.

வண்டியை ஒப்படைக்கும் முன் கிளவ் பாக்ஸ், சீட்டுக்கு அடி, டிக்கி எல்லாம் பாருங்கள். கேமரா இருந்தால் மெமரி கார்டு. அப்பா டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன வேல் ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முன் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கைக் கிழித்தால் மட்டும் போதாது, கொடுத்த வங்கியிடம் சொல்லிக் கணக்கையே மூடுங்கள். பாக்கிப் பணமும் திரும்பி வரும்.

ஆர்சி வேலை முடியாமல் வேலை முடியவில்லை

வண்டி அழிந்துவிட்டது அல்லது இனி ஓட்டவே முடியாது என்றால், 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. நிறுவனத்தின் டோட்டல் லாஸ் கடிதம், ஆர்சி, பாலிசி நகல் இவற்றோடு போங்கள். வண்டி இருக்கும்போதே போய், இன்ஸ்பெக்‌ஷன் வேண்டுமா, சேஸிஸ் எண் பகுதியை வெட்டிக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். ஏலக்காரர் வண்டியை இழுத்துப் போன பிறகு அது கேட்டால் அலைய வேண்டும். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள், அதை வைத்துப் புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அவர்கள் தரும் விலையை ஏலத் தொகையோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

ஆர்சியோடுதான் விற்கிறீர்கள் என்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரப்பிய பிறகே கையெழுத்து. வெற்றுப் படிவம் கூடவே கூடாது. அவருடைய ஆதார் நகல், தேதியும் மணியும் குறித்த டெலிவரி நோட், வண்டியை ஏற்றும்போது ஒரு படம். பெயர் மாறும்வரை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி.

அப்பாவின் ஆர்சியை ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு வாரம் ஒருமுறை எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது வாரம்தான் நிலை மாறி, பதிவு ரத்து என்று காட்டியது. அந்தத் திரையைப் படம் எடுத்து, ரத்துக் கடிதம், ஏலக்காரரின் ரசீது, நிறுவனத்தின் கடைசி மெயில் எல்லாவற்றோடும் அச்செடுத்து அப்பாவின் ஃபைலில் வைத்திருக்கிறேன்.